வீட்டுக்குள் வௌவால்: எதற்குப் பயப்பட வேண்டும், எப்படி வெளியேற்ற வேண்டும்

ஓட்டு வீட்டின் முகட்டிலோ ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலோ வௌவால் குடியேறியிருப்பது தெரிந்ததும் பல வீடுகளில் உடனே கொத்தனாரைக் கூப்பிட்டுப் பகலிலேயே ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். பகலில் வௌவால்கள் உள்ளேதான் இருக்கும். மாட்டிக்கொண்டவை தண்ணீரில்லாமல் தவித்து, ஏதோ ஓர் இடுக்கு வழியாகப் படுக்கையறைக்குள் வந்து விழும். வர முடியாதவை அங்கேயே செத்து, வீடு முழுக்க நாறும், ஈ மொய்க்கும். அதுவரை மனிதர் மேல் படாமல் இருந்த விலங்கை அடைப்பு வேலைதான் மனிதர் மேல் விழ வைக்கிறது.

வௌவால் விஷயத்தில் வரிசைதான் எல்லாம். எந்த வௌவால், எந்த வழியாகப் போய்வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். குட்டி இல்லை என்று உறுதியான பிறகு, வெளியே போக மட்டும் முடிகிற ஒருவழிப் பாதை அமைக்க வேண்டும். எல்லாம் போன பிறகு அடைப்பு, அதற்கும் பிறகு எச்சத்தைச் சுத்தம் செய்வது. இதில் ஒன்றை முன்பின் மாற்றினாலும் சிக்கல்தான்.

அறைக்குள் ஒன்று பறந்துகொண்டிருந்தால்

முதல் வேலை மின்விசிறியை நிறுத்துவது. வீட்டுக்குள் வந்த வௌவால் அடிபடுவது பெரும்பாலும் சீலிங் ஃபேனில்தான். அடிபட்ட வௌவாலைத்தான் கையில் எடுக்க வேண்டி வரும், கடியும் அப்போதுதான் விழும்.

குழந்தைகளையும் நாய் பூனையையும் வெளியே அனுப்பிவிட்டு, மற்ற அறைகளுக்குப் போகும் கதவைச் சாத்துங்கள். வெளிப்பக்க ஜன்னல், வாசல் கதவு எல்லாவற்றையும் முழுக்கத் திறந்து, கொசுவலைச் சட்டத்தையும் கழற்றிவிடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டுச் சுவரோரமாக அசையாமல் நில்லுங்கள். வௌவால் அறையின் நடுவில் தாழ்ந்து, ஓரங்களில் உயர்ந்து வட்டமடிக்கும். தலையைக் குறிவைத்து வருவதுபோல் தோன்றுவது அந்தத் தாழ்வினால்தான். பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் காற்று வரும் பக்கத்தைக் கண்டுபிடித்துப் போய்விடும். துடைப்பம், துண்டு, பேட்மின்டன் மட்டை எதையும் வீசாதீர்கள்.

களைத்துப்போய்த் திரையிலோ சுவரிலோ ஒட்டிக்கொண்டால் பிடிப்பது சுலபம். கனமான தோல் கையுறை போட்டுக்கொண்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை அதன் மேல் மெதுவாகக் கவிழ்த்து, அட்டை ஒன்றைச் சுவருக்கும் டப்பாவுக்கும் இடையே நகத்தைச் சிக்கவைக்காமல் செருகுங்கள். பூந்துவாலையால் மூடிப் பிடிக்க வேண்டாம், அதன் நூலில் நகம் மாட்டிக்கொள்ளும். பகல் நேரமென்றால், மூடியில் காற்றுத் துளையிட்டு, உள்ளே மடித்த பருத்தித் துணி ஒன்றையும் பாட்டில் மூடியில் கொஞ்சம் தண்ணீரையும் வைத்து, நிழலான இடத்தில் மாலைவரை வைத்திருங்கள். இருட்டத் தொடங்கியதும் டப்பாவை மரத்தண்டிலோ சொரசொரப்பான சுவரிலோ ஐந்தடி உயரத்துக்கு மேல் சாய்த்துப் பிடியுங்கள், அதுவாக ஏறிப் போகட்டும். தரையில் விடக்கூடாது. பல வௌவால்களால் தரையிலிருந்து எழும்பிப் பறக்க முடியாது, பூனைக்கோ எறும்புக்கோ இரையாகும்.

கடித்தாலோ கீறினாலோ

சோப்பும் குழாய்த் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனென்றால் இரண்டு நிமிடமே பத்து நிமிடம் போலத் தெரியும். பிறகு போவிடோன் அயோடின் போடலாம். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய், மண்ணெண்ணெய் எதுவும் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்தியாவில் ரேபிஸ் இறப்புகள் மிகப் பெரும்பாலும் நாய்க்கடியால் வருபவை. வௌவாலிடமிருந்து மனிதருக்கு ரேபிஸ் வந்ததாக இங்கே உறுதியாக நிறுவப்படவில்லை. ஆனாலும் அலட்சியம் கூடாது. இலங்கையில் பெரிய பழந்தின்னி வௌவால்களில், ரேபிஸ் வைரஸுக்கு நெருங்கிய உறவான ‘கன்னொருவ’ லிசா வைரஸ் கண்டறியப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் வௌவாலுடனான நேரடித் தொடர்பை மூன்றாம் வகையில், அதாவது தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் (உடனே காக்கும் எதிர்ப்பொருள் ஊசி) தேவைப்படும் வகையில் வைத்திருக்கிறது. சிறு வௌவாலின் பல் ஊசி முனை அளவுதான் இருக்கும், கடித்த இடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். ஆகவே தூங்கிக்கொண்டிருந்த குழந்தையின் அறையிலோ, நினைவு தெளிவில்லாத முதியவரின் அறையிலோ வௌவால் இருந்தது தெரிந்தால், காயம் தெரியவில்லை என்றாலும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். “பூச்சி ஏதோ கடித்தது” என்று சொல்லாமல் “வௌவால்” என்றே சொல்லுங்கள், முடிவு அதைப் பொறுத்தது. தடுப்பூசி போடச் சொன்னால் தவணை தவறக்கூடாது. தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28ஆம் நாட்கள். தசையில் போடும் முறையில் 0, 3, 7, 14, 28ஆம் நாட்கள்.

எச்சத்தால் வரும் நோயும் நிபா பயமும்

வௌவால் எச்சம் சேர்ந்து மட்கிய இடத்தில் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சை வளரலாம். காய்ந்த எச்சத்தைப் பெருக்கும்போது எழும் தூசியோடு அதன் வித்துகள் நுரையீரலுக்குள் போகும். பலருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு 3 முதல் 17 நாட்களுக்குள் காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சு வலி, மிகுந்த சோர்வு வரும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே தோன்றக்கூடும் என்பதால், பரண் சுத்தம் செய்த பிறகு இப்படி வந்தால் அந்த விவரத்தை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஸ்டீராய்டு எடுப்பவர்கள், உறுப்பு மாற்று செய்துகொண்டவர்கள், எச்.ஐ.வி. உள்ளவர்கள், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் எச்சம் சுத்தம் செய்யும் நாளில் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டாம்.

நிபாவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புரம் மாவட்டங்களில் நிபா வைரஸால் 17 பேர் இறந்ததிலிருந்து, வௌவால் என்றாலே நிபா என்று ஆகிவிட்டது. நிபா வைரஸின் இயற்கை இருப்பிடம் ஆலமரத்திலும் புளியமரத்திலும் கூட்டமாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். ஓட்டிடுக்கில் இருக்கும், பூச்சி தின்னும் சிறு வௌவால் அதற்குக் காரணமில்லை. கோழிக்கோட்டில் பலருக்குத் தொற்றியதும் மருத்துவமனையில், நோயாளியிடமிருந்துதான். நிபாவுக்காக நாம் செய்ய வேண்டியது கடித்த பழத்தைத் தொடாமல் ஒதுக்குவது, பழங்களைக் கழுவி உண்பது, திறந்த கலயத்தில் இறங்கிய பதநீரையும் கள்ளையும் குடிக்காமல் இருப்பது. வௌவால் மரத்தை வெட்டுவதால் கூட்டம் கலைந்து வேறு ஊருக்குப் போகுமே தவிர நோய் ஒழியாது.

எது வந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது

சுவரடியில் கிடக்கும் எச்சத்தை ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். வெறும் கையால் வேண்டாம். அரிசி மணி அளவில் கறுப்பாக இருந்து, நசுக்கியதும் பொடியாகி அதில் பூச்சிச் சிறகின் மினுமினுப்பு தெரிந்தால் பூச்சி தின்னும் வௌவால். கெட்டியாக, நுனி கூர்ந்து, நசுங்க மறுத்தால் எலி. ஒரு முனையில் வெள்ளைப் பொட்டு இருந்தால் பல்லி. போர்டிகோ சுவரில் பழுப்பாகத் தெறித்து வழிந்த கறை, கீழே மென்று துப்பிய சக்கை, நெட்டிலிங்கம், அத்தி, வாதாம் விதைகள் என்றால் அது பழந்தின்னி. அதற்கான வழி வேறு, பின்னால் வருகிறது.

வழியைக் கண்டுபிடிக்கச் சூரியன் மறைவதற்கு கால் மணி நேரம் முன்பே வீட்டின் மூலைக்கு ஓர் ஆளாக வெளியே நின்று, இருட்டி முக்கால் மணி நேரம்வரை பாருங்கள். எத்தனை வெளியே வருகின்றன என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். விடிவதற்கு அரை மணி முன்பு பார்ப்பது இன்னும் தெளிவு: உள்ளே நுழையும் முன் அவை துவாரத்தின் முன்பு திரும்பத் திரும்ப வட்டமடிக்கும். புழங்கும் துவாரத்தின் ஓரத்தில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற கருங்கறை படிந்திருக்கும்.

சிறு வௌவாலுக்கு ஒரு விரல் நுழையும் இடுக்கே தாராளம். 6 மில்லிமீட்டருக்கு மேல் உள்ள எதையும் சந்தேகப்படுங்கள். முகட்டு ஓட்டின் அடி, கைமரம் சுவரில் உட்காரும் இடம், ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டின் அலை வளைவுக்கும் சுவருக்கும் நடுவே, ஏசி குழாய் போகும் துளை, எக்ஸாஸ்ட் ஃபேன், கடை ஷட்டர் பெட்டி, பெயர்ப்பலகையின் பின்புறம், இரண்டு கட்டடங்கள் சேரும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் ஆகியவை வழக்கமான இடங்கள்.

குட்டி இருக்கிறதா?

வெளிநாட்டுக் கையேடுகள் ‘கோடையில் மட்டும் கைவைக்காதே’ என்று சொல்லும். குளிர்நாட்டு வௌவால்கள் ஆண்டுக்கு ஒரு பருவத்தில்தான் குட்டி போடும். நம்மூர் ஓட்டிடுக்கு வௌவால்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆண்டில் பல மாதங்களில் குட்டி இருக்கலாம். நாள்காட்டியை நம்பாமல் நேரில்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் வெளியே போய் ஒரு மணி நேரம் ஆனபின் துவாரத்தருகே காதைக் கொடுங்கள். உள்ளே மெல்லிய, விடாத கீச்சொலி கேட்டால் குட்டிகள் இருக்கின்றன. முடிந்தால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய டார்ச்சால் உள்ளே பாருங்கள். முடியில்லாமல் இளஞ்சிவப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். இருந்தால் ஐந்தாறு வாரம் பொறுங்கள், அதற்குள் பறக்கக் கற்றுவிடும். குட்டிகளை விட்டுத் தாயை வெளியே தள்ளினால் அவை உள்ளேயே பட்டினியில் சாகும். தாய் குட்டியைத் தேடி வீட்டின் எல்லா இடுக்குகளிலும் நுழையப் பார்க்கும். இந்த இடத்தில் அவசரப்படுவது கொடுமை, வீட்டுக்காரருக்கும் நஷ்டம்.

காத்திருக்கும் நாட்களில், அறைக்குள் இறங்கும் இடுக்குகளை மட்டும் உட்புறமிருந்து டேப்பும் அட்டையும் வைத்து மூடிவிட்டால் வீட்டார் நிம்மதியாகத் தூங்கலாம்.

ஒருவழிப் பாதை அமைப்பது

முதலில், வௌவால் புழங்காத மற்ற எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடுங்கள். புழங்கும் துவாரம் ஒவ்வொன்றுக்கும் கீழ்க்கண்ட இரண்டில் ஒன்று.

வலை முறை: நீளமான இடுக்குக்கும் கூரை ஓரத்துக்கும் இதுவே ஏற்றது. ஹார்டுவேர் கடையில் மீட்டர் கணக்கில் விற்கும் மென்மையான ஃபைபர் கொசுவலை போதும். துவாரத்துக்கு 10 சென்டிமீட்டர் மேலே தொடங்கி, 60 சென்டிமீட்டர் கீழேவரை தொங்க வேண்டும். இருபுறமும் 30 சென்டிமீட்டர் கூடுதல் அகலம். மேல்பக்கத்தையும் இரு ஓரங்களையும் மரச்சட்டத்தாலோ டக்ட் டேப்பாலோ இறுக்குங்கள். அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும். சுவருக்கும் வலைக்கும் இடையே மூன்று சென்டிமீட்டர் தொய்வு இருக்க வேண்டும். வௌவால் துவாரத்திலிருந்து வந்து, வலைக்குப் பின்னால் ஊர்ந்து இறங்கி, அடியில் விழுந்து பறந்துவிடும். திரும்பி வரும்போது பழைய வாசனை வரும் துவாரத்துக்கு நேராகவே வந்து முட்டும். அடியில் உள்ள திறப்பைத் தேட அதற்குத் தோன்றாது.

குழாய் முறை: வட்டமான ஒற்றைத் துளைக்கு. 2 அங்குல பிவிசி குழாயில் 25 முதல் 30 சென்டிமீட்டர் துண்டு ஒன்றை வெட்டி, வெளிமுனை கீழே சாயும்படி துளையில் பொருத்துங்கள். சுற்றியுள்ள இடைவெளியைத் துணியாலோ நுரையாலோ மூடுங்கள். உள்முனை துளையின் உள்விளிம்போடு சமமாக நிற்க வேண்டும், உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் வௌவால் அதைக் கண்டுபிடிக்காது. வெளிமுனையில் மெல்லிய பாலித்தீன் உறை ஒன்றை ஒரு சாண் நீளத்துக்குச் சுற்றி ஒட்டினால், வெளியே வந்ததும் அது தானாகத் துவண்டு வாயை மூடிக்கொள்ளும். காலியான சிலிகான் டியூபின் இருமுனைகளையும் வெட்டிச் சிலர் பயன்படுத்துகிறார்கள். உள்ளே பசை ஒரு பொட்டுக்கூட மிச்சமிருக்கக்கூடாது, இறக்கை ஒட்டிக்கொள்ளும்.

மழையில்லாத ஏழு இரவுகள் இதை அப்படியே விடுங்கள். அடைமழை இரவில் வௌவால் இரை தேடப் போகாமல் இருந்துவிடும், அந்த இரவு கணக்கில் சேராது. ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பது நல்லது. தொடர்ந்து இரண்டு மாலை ஒன்றுகூட வெளியே வரவில்லை என்றால் எல்லாம் போய்விட்டன. முதல் நாள் எழுதி வைத்த எண்ணிக்கை இங்கேதான் உதவும்: நாற்பது இருந்த இடத்தில் முதல் இரவு ஐந்து மட்டும் வெளியே வந்தால் வலை இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம், அன்றே தளர்த்துங்கள். விடியற்காலை வேறோர் இடத்தில் வட்டமடித்தால் அங்கே நீங்கள் பார்க்காத இடுக்கு இருக்கிறது. பெரிய கண் உள்ள மீன் வலை, பறவை வலைகளைக் கட்டவே கூடாது, சிக்கிக் கிழிந்து சாகும்.

நாட்டு ஓட்டு வீட்டுக்கு இவை முழுக்கப் பொருந்தா. அங்கே கூரை முழுக்கவே இடுக்குதான். குட்டி இல்லாத நேரம் பார்த்து, ஒரு மாலை முகட்டோரம் ஒரு வரிசை ஓடுகளை எடுத்து வெளிச்சமும் காற்றும் உள்ளே போகவிட்டால், சில இரவுகளில் அவை தாமாக இடம் மாறும். பிறகு ஓடு பிரித்து மேயலாம். பகலில் திடீரென்று மொத்த ஓடுகளையும் பிரித்தால் கண்கூசிப் பறக்கும் வௌவால்களைக் காகம் கொத்திப் போடும். மேய்ந்த பிறகும் ஒன்றிரண்டு வரும். அப்படிப்பட்ட வீட்டில் கூரையோடு போராடுவதைவிட, ஓட்டுக்குக் கீழே இடுக்கில்லாத சீலிங் அடித்து அறையைப் பிரித்துக்கொள்வதே நல்லது.

ஏணியை ஓர் ஆள் பிடிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேல் ஏறி நிற்கவோ, அதை உலர்ந்தபடி துளையிடவோ வேண்டாம். ஒன்று உடைந்து விழுவீர்கள், இல்லையென்றால் அந்த நார்த் தூசியைச் சுவாசிப்பீர்கள்.

அடைப்பது

வலையை எடுத்த அன்றே, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அடைத்துவிடுங்கள். செங்கல் சுவரில் சிமென்ட் கலவை, ஜன்னல் சட்ட ஓரத்தில் சிலிகான், ஷீட் வளைவுகளில் கால் அங்குலக் கம்பிவலையைச் சுருட்டித் திணித்து அதன்மேல் கலவை. பியூ ஃபோம் (இடுக்கில் பீய்ச்சும் நுரை) மட்டும் போதாது. வௌவால் எதையும் கொறிக்காது, ஆனால் எலி கொறிக்கும், அந்த வழியாகப் பிறகு வௌவால் வரும். காற்றுத் துவாரங்களை அடைக்காமல் கம்பிவலை மட்டும் போடுங்கள். வௌவால் போனபின் அதன் உடலில் இருந்த உண்ணிகளும் மூட்டைப்பூச்சி வகைப் பூச்சிகளும் பசியில் அறைக்குள் இறங்கலாம். அதனால் அறைப்பக்க இடுக்குகளையும் சேர்த்தே அடையுங்கள்.

எச்சத்தைச் சுத்தம் செய்வது

விளக்குமாறும் வாக்குவம் கிளீனரும் கூடவே கூடாது. என்95 முகக்கவசம், கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். துணி மாஸ்க்கும் சர்ஜிகல் மாஸ்க்கும் இதற்கு உதவாது. மின்விசிறியை நிறுத்துங்கள். ஐந்து லிட்டர் தண்ணீரில் கொஞ்சம் சோப்புத் திரவம் கலந்து, தோட்டத் தெளிப்பானில் மென்மையாகத் தெளியுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் நீரே தூசியைக் கிளப்பிவிடும். அரை மணி ஊறிய பின் தகரத்தாலோ அட்டையாலோ வாரி எடுங்கள். அடியில் இன்னும் உலர்ந்த அடுக்கு இருந்தால் மறுபடி தெளியுங்கள். இரண்டு பைகளுக்குள் கட்டி ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.

வாரிய பிறகுதான் கிருமிநாசினி. 30 கிராம் பிளீச்சிங் பவுடரை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, தெளிந்த நீரால் துடைத்து, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். ஆசிட், டாய்லெட் கிளீனர் எதையும் இதோடு சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும். மூட்டைக் கணக்கில் சேர்ந்திருந்தால், சரியான கவசம் உள்ள ஆட்களிடம் விடுங்கள். கூலிக்கு வருபவருக்கும் அதே என்95 கொடுக்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு.

போர்டிகோவில் பழந்தின்னி

குட்டை மூக்குப் பழவௌவால் பக்கத்து மரத்திலிருந்து பழத்தைக் கவ்விக்கொண்டு வந்து, போர்டிகோவில் தொங்கியபடி தின்றுவிட்டுப் போகும். அங்கே குடியிருக்காது, அதனால் ஒருவழிப் பாதை தேவையில்லை. தொங்கப் பிடிமானம் இல்லாமல் செய்தால் போதும். பயன்படாத ஃபேன் கொக்கியையும் தொங்கும் வயரையும் அகற்றுங்கள். சொரசொரப்பான கூரைப் பூச்சின் மேல் வழவழப்பான எனாமல் பெயின்ட் அடியுங்கள், அல்லது பிவிசி தகடு பொருத்துங்கள். இரவில் விளக்கு எரியவிட்டு, கூரையிலிருந்து ஓரடி நீளத் துணிக் கீற்றுகளை நெருக்கமாகத் தொங்கவிட்டாலும் பறந்து வரத் தயங்கும். சுவர்க் கறை காய்வதற்கு முன் ஈரத்துணியால் துடைத்தால் சுலபமாகப் போகும்.

செய்யவே கூடாதவை

புகை போட்டால் பறக்கத் தெரிந்தவை வீட்டுக்குள் ஓடிவரும், குட்டிகள் மூச்சுத்திணறிச் சாகும், பழைய மரக்கூரை தீப்பிடிக்கும். நாப்தலீன் உருண்டையின் ஆவி வௌவாலை விரட்டும் அளவுக்குச் சேர்ந்தால் அது முதலில் அந்த அறையில் தூங்கும் குழந்தைக்குக் கேடு. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு பிறவியிலேயே உள்ள குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும். ஆன்லைனில் விற்கும் அல்ட்ராசானிக் கருவிகளுக்குப் பணம் தராதீர்கள். ஒட்டும் அட்டையும் விஷமும் தள்ளாடும் வௌவால்களைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் கொண்டுவந்து போடும். பழந்தின்னி வௌவால்கள் ஒரு காலத்தில் எலி, காகத்தோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் இருந்தன. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கிவிட்டது. பெரிய கூட்டமோ அடிபட்ட வௌவாலோ இருந்தால் வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

மொட்டைமாடித் தொட்டி

மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டியில் நீர் குடிக்க வந்து வௌவால் விழுவதுண்டு. செத்துக் கிடந்தால் கையுறை போட்டு வாளியால் அள்ளி எடுத்துப் புதைத்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் திறந்துவிடுங்கள். உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, மேலே சொன்ன பிளீச்சிங் கரைசலால் துடைத்து, இரண்டு முறை அலசிய பின்பே நிரப்புங்கள். முதலில் நிரப்பிய தண்ணீரை எல்லாக் குழாய்களிலும் ஐந்து நிமிடம் திறந்துவிட்டால் பைப்பில் நின்ற பழைய நீரும் போய்விடும். மூடியை அன்றே மாற்றுங்கள். ஓவர்ஃப்ளோ குழாயின் வாயிலும் ஒரு துண்டுக் கொசுவலையைக் கட்டிவிடுங்கள்.